எண்ணே பெயராக...

(மூன்றாம் ஆண்டு இளங்கலை, வரலாறு)

கப்பலுக்குப் பெயர் சூட்டுவது உலகெங்கும் உள்ள வழக்கம். அரசர் பெயரோ, ஊர்ப் பெயரோ, தெய்வத்தின் பெயரோ ஒன்றைத் தேர்ந்து, முகப்பில் எழுதித்தான் நீரில் இறக்குவார்கள். 1914-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிவிட்டுப் போன ஜெர்மானியக் கப்பல் அதே ஆண்டிலேயே அழிந்து போயிற்று. ஆனால் இன்றும் யாரேனும் துணிச்சலும் தந்திரமும் கலந்து நடந்துகொண்டால் "சரியான எம்டன்" என்கிறோம். கப்பல் போய்விட்டது, பெயர் போகவில்லை. பெயருக்கு அத்தனை ஆயுள்!

பெயரே இல்லாமல் பிறந்து, எண்ணை மட்டும் முகத்தில் எழுதிக்கொண்டு, ஒரு பெரும் போரையே தோளில் சுமந்த கப்பல்களும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா கட்டிய டாங்கி இறக்கும் கப்பல்களைத்தான் சொல்கிறேன். 'எல்.எஸ்.டி.' என்று சுருக்கமாக அழைப்பார்கள். மொத்தம் 1,051 கப்பல்கள். அத்தனைக்கும் பெயர் தேட யாருக்கு நேரம் இருந்தது? ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்டு அனுப்பிவிட்டார்கள். போர் முடிந்து பத்தாண்டுகள் கழித்து, 1955-இல், எஞ்சியிருந்தவற்றுள் பலவற்றுக்கு அமெரிக்க மாவட்டங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். நான் எழுத வந்த கப்பலுக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. அதன் எண் 325.

இரண்டாம் உலகப் போர் பற்றிய தாளுக்காக, ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொண்டு அதன் வரலாற்றைக் கருத்தரங்கக் கட்டுரையாக எழுதி வரும்படி எங்கள் பேராசிரியை அம்மா பணித்திருந்தார்கள். வகுப்பில் பெரும்பாலோர் ஸ்டாலின்கிராடையும் ரோம்மலையும் அணுகுண்டையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். நூலகத்தில் ஒரு பழைய போர் வரலாற்று நூலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் கண்ணில் பட்டது. துறைமுகம் இல்லை, பாலம் இல்லை, வெறும் மணல். அந்த மணலில் ஒரு பெரிய கப்பல் மூக்கை ஊன்றி நிற்கிறது. மூக்கு இரண்டாகப் பிளந்து கதவுபோல் திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து வண்டிகள் வரிசையாக ஊர்ந்து வெளியே வருகின்றன. எனக்கு அது போர்ப் படமாகவே தோன்றவில்லை. எங்கள் ஊரில் துறைமுகம் கிடையாது. விடிந்தும் விடியாத பொழுதில் படகுகள் இப்படித்தான் நேராக மணலில் வந்து ஏறும். மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் காத்து நிற்போம். ஆகவே இதையே எழுதுகிறேன் என்று சொன்னேன். "கப்பலின் பெயர் என்ன?" என்று அம்மா கேட்டார்கள். "பெயர் இல்லை அம்மா, எண்தான்" என்றேன். வகுப்பு சிரித்தது. அம்மா சிரிக்காமல் குறித்துக்கொண்டார்கள்.

இப்படி ஒரு விசித்திரக் கப்பல் ஏன் தேவைப்பட்டது? 1940-இல் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டன் தன் வீரர்களை மீட்டுக்கொண்டது; ஆனால் பீரங்கிகளையும் டாங்கிகளையும் வண்டிகளையும் அங்கேயே விட்டுவிட்டு வர நேர்ந்தது. மறுபடியும் ஐரோப்பாவில் கால் வைக்க வேண்டுமானால் வீரர்களை மட்டும் இறக்கிப் பயனில்லை. டாங்கிகளையும் கூடவே இறக்க வேண்டும். துறைமுகங்கள் எல்லாம் எதிரியின் கையில். எனவே, துறைமுகமே இல்லாத இடத்தில் இறக்க வேண்டும். வெனிசுலாவின் மரக்காய்போ ஏரியில் ஆழமில்லாத நீரில் ஓடுவதற்கென்று கட்டிய எண்ணெய்க் கப்பல்கள் மூன்றை வாங்கி, முன்பக்கத்தை வெட்டிக் கதவு வைத்து முயன்று பார்த்தார்கள். பிறகு அமெரிக்காவிடம் கேட்டார்கள். 1941 நவம்பர் தொடக்கத்தில் பிரிட்டனின் கோரிக்கை வாஷிங்டனுக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கடற்படையில் கப்பல் வடிவமைப்பாளராக இருந்த ஜான் நீடர்மெயர் சில மணி நேரத்துக்குள்ளாகவே ஒரு தாளில் வரைந்து காட்டிய உருவம்தான், சிறு மாற்றங்களோடு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களாயிற்று. அப்போது பேர்ல் துறைமுகத் தாக்குதல்கூட நடந்திருக்கவில்லை.

அந்த வரைபடத்தில் தீர்க்கப்பட்ட சிக்கலை எண்ணிப் பாருங்கள். பெருங்கடலைக் கடக்கும் கப்பல் நீருக்குள் ஆழமாக அமிழ்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை அதைப் புரட்டிவிடும். கரையேறும் கப்பலோ நீரின் மேலாகவே மிதந்து வர வேண்டும். இல்லாவிட்டால் கரைக்கு வெகு தொலைவிலேயே தரை தட்டிவிடும். ஒரே கப்பல் இரண்டையும் செய்தாக வேண்டும். நீடர்மெயர் கப்பலின் அடிவயிறு முழுவதும் தொட்டிகளை வைத்தார். நடுக்கடலில் அவற்றில் கடல்நீரை நிரப்பிக்கொண்டால் கப்பல் அமிழும். கரையை நெருங்கும்போது நீரை இறைத்து வெளியேற்றினால் எழும்பும். 328 அடி நீளமும் 50 அடி அகலமும் உள்ள அந்த இரும்பு மலை, 500 டன் சரக்கோடு கரையேறும்போது முன்பக்கத்தில் ஏறத்தாழ 4 அடி நீரும் பின்பக்கத்தில் ஏறத்தாழ 10 அடி நீரும் இருந்தால் போதும்! 50 அடிக்கு ஓர் அடி சரிகிற கடற்கரையை மனத்தில் வைத்து அடிப்பாகத்தை அமைத்திருந்தார்கள்.

இதை வீட்டில் தாத்தாவிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். தாத்தா ஐம்பது ஆண்டுகள் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். தண்ணீர்த் தொட்டிச் செய்தியைக் கேட்டுவிட்டுத் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு கேட்டார்: "ஏறுனது சரி. எறங்குறது எப்படி பாப்பா?"

"என்ன தாத்தா?"

"ஏறுறதுக்கு அலையே தள்ளி விட்டுடும். சரக்கு எறக்குன அப்புறம் திரும்பக் கடலுக்குள்ள போவணும்ல? அதுக்குத்தானே ஆளு வேணும். அம்மாம் பெரிசை யாரு தள்ளுவா?"

போர் வரலாற்று நூல்கள் அத்தனையும் இறங்குவதைப் பற்றியே பேசுகின்றன. படை இறங்கியது, டாங்கி இறங்கியது என்று. கப்பல் எப்படித் திரும்பியது என்று கேட்பதற்கு ஒரு மீனவர் வேண்டியிருந்தது. விடை இதுதான்: கரைக்கு வரும் வழியிலேயே, இன்னும் நல்ல ஆழத்தில் இருக்கும்போதே, கப்பலின் அமரத்திலிருந்து, அதாவது பின்பக்கத்திலிருந்து, ஒரு கனத்த நங்கூரத்தைக் கடலில் போட்டுவிடுவார்கள். கம்பி வடத்தை விட்டுக்கொண்டே வந்து கரையில் ஏறுவார்கள். சரக்கு இறங்கியதும் எடை குறையும். கப்பல் சற்றே எழும்பும். அப்போது அந்த வடத்தை எந்திரத்தால் சுற்றி இழுப்பார்கள். கப்பல் தன்னைத் தானே பின்னோக்கி இழுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடும். இதைக் கேட்டதும் தாத்தாவின் முகம் மலர்ந்தது. "அப்படிச் சொல்லு. கயிறு கடல்ல இருந்தாத்தான் கரையில தைரியமா நிக்கலாம்" என்றார். அன்றிலிருந்து 325 அவருக்கு ஒரு தெரிந்த படகாகிவிட்டது. "ஒன் கப்பலு இப்ப எங்க போயிருக்கு?" என்று சாப்பிடும்போதெல்லாம் விசாரிப்பார்.

கப்பல் 1942 அக்டோபர் 27 அன்று பிலடெல்பியாவில் நீரில் இறங்கியது. 1943 பிப்ரவரி முதல் நாள் கடற்படையில் சேர்ந்தது. தலா 900 குதிரைத்திறன் உள்ள இரண்டு டீசல் எந்திரங்கள். மணிக்கு 12 கடல் மைல் போனாலே பெரிது. எல்.எஸ்.டி. என்னும் மூன்று எழுத்துக்கு 'மெதுவாகப் போகும் பெரிய இலக்கு' என்று மாலுமிகளே பொருள் சொல்லிக் கேலி பேசிக்கொள்வார்களாம். எதிரியின் கண்ணில் பட்டால் ஓடித் தப்ப முடியாது என்பதுதான் அந்தக் கேலியின் உட்பொருள். வட ஆப்பிரிக்கா, 1943 ஜூலையில் சிசிலித் தீவின் ஜெலா, செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ என்று முதல் ஆண்டிலேயே அது பல கரைகளைக் கண்டுவிட்டது.

இங்கே சற்று விலகி ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கப்பல்கள் எங்கே போயின என்பதைப் போலவே, எங்கே போகவில்லை என்பதும் வரலாறுதான். 1943 நவம்பரில் கெய்ரோ நகரில் நடந்த மாநாட்டில், வங்காள விரிகுடாவில் ஒரு படையிறக்கம் செய்வதாகச் சீனத் தலைவர் சியாங் கை ஷேக்குக்கு ரூஸ்வெல்ட் வாக்களித்தார். அதற்குக் குறித்திருந்த இடம் நம் அந்தமான் தீவுகள். 1942 மார்ச் முதல் அவை ஜப்பானியரின் பிடியில் இருந்தன. ஆனால் டிசம்பர் தொடங்கி சில நாள்களுக்குள் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. ஐரோப்பாவில் இறங்குவதற்கே கலங்கள் போதவில்லை என்பது முக்கியக் காரணம். அந்தமான் மக்கள் 1945 வரை காத்திருந்தார்கள். கடைசி ஆண்டின் பட்டினியும் படுகொலைகளும் அவர்கள் தலையில் விடிந்தன. உலகப் போர்ப் பாடத்தில் கலங்கள் போதவில்லை என்பது ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் எத்தனை குடும்பங்கள் அடங்கிக் கிடக்கின்றன!

கப்பல்கள் போதவில்லை என்பதற்கு இன்னொரு துயரமும் சாட்சி. 1944 ஏப்ரல் 28-ஆம் நாள் விடியலுக்கு முன், நார்மண்டி படையிறக்கத்துக்கான ஒத்திகையாக இங்கிலாந்தின் தென்கரையோரம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்த எல்.எஸ்.டி. கப்பல்களை ஜெர்மானிய விரைவுப் படகுகள் தாக்கின. 507, 531 என்னும் இரு கப்பல்கள் மூழ்கின, 289 சேதமுற்றது. சுமார் 750 பேர் மாண்டார்கள். அது வெறும் ஒத்திகை! இரகசியம் காக்க வேண்டும் என்பதற்காக உயிர் பிழைத்தவர்களை வாய் திறக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். அன்று அந்த வரிசையில் 325 இல்லை. இருந்திருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை.

1944 ஜூன் 6. நார்மண்டி. ஒமாஹா கடற்கரையில் முதலில் இறங்கியவர்களுக்குப் பின்துணையாகச் செல்ல வேண்டிய படைப்பிரிவில் 325 இருந்தது. அந்த முதல் பயணத்தில் 59 வண்டிகளையும் நானூற்றுக்கும் மேற்பட்ட வீரர்களையும் சுமந்து சென்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் உள்ளத்தைத் தொட்டது. திரைப்படங்களில் எல்லாம் ஜூன் 6-ஆம் நாளோடு கதை முடிந்துவிடுகிறது. 325-க்கோ அது தொடக்கம். அடுத்த 1945 ஏப்ரல் வரை இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே நாற்பது முறைக்கு மேல் போய் வந்தது. எங்கள் ஊர் நகரப் பேருந்தைப் போல! போகும்போது டாங்கி, வெடிமருந்து, உணவு, இளைஞர்கள். அவற்றை இறக்கியதும், டாங்கி நின்ற அதே தளத்தைக் கழுவிவிட்டுத் தூக்குப் படுக்கைகளை வரிசையாக வைப்பார்கள். திரும்பும்போது காயம்பட்டவர்கள். நார்மண்டிக் கடற்கரைகளிலிருந்து இந்தக் கப்பல்கள் ஏற்றிவந்த காயமுற்றோர் 41,000 பேருக்கும் மேல். மருத்துவர்களுக்கும் அறுவைக்கும் ஏற்பாடு செய்து, பல கப்பல்களை அதற்கென்றே ஆயத்தமாக்கியிருந்தார்கள்.

காலையில் எண்ணெய்க் கறையும் டாங்கிச் சங்கிலி உரசிய வடுவும் இருந்த இரும்புத் தரை. மாலையில் அதே இடத்தில் தாயின் பெயரைச் சொல்லி முனகும் பையன்கள். ஒரே கதவு, ஒரே தளம். போருக்கென்று கட்டிய கப்பல் போகும் வழியில் போர்க்கப்பலாகவும் வரும் வழியில் மருத்துவமனையாகவும் இருந்தது. தாத்தா கேட்ட கேள்வி எனக்கு அப்போது வேறு பொருளில் விளங்கிற்று. கரையேறுவதற்காக மட்டும் கட்டப்பட்டிருந்தால் அது திரும்பி வந்திருக்காது. அந்தப் பின் நங்கூரம் இழுத்து வந்தது கப்பலை மட்டுமன்று.

1944 டிசம்பர் 28 அன்று இன்னொரு நிகழ்ச்சி. 'எம்பயர் ஜாவலின்' என்ற துருப்புக் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் தாக்குண்டு மூழ்கிக்கொண்டிருந்தது. குளிர்காலக் கடல், விழுந்தால் சில நிமிடங்களில் உடல் விறைத்துவிடும். அங்கே சென்ற 325, சுமார் 700 பேரை மீட்டுத் தன் தளத்தில் ஏற்றிக்கொண்டது. அதற்காக அதன் தலைவருக்கு வெண்கல நட்சத்திரப் பதக்கம் அளித்தார்கள். எத்தனை டாங்கிகளை இறக்கியபோதும் தராத பதக்கத்தை மனிதரைத் தூக்கியபோது தந்தார்கள் என்பதைக் கவனித்தேன்.

போர் ஐரோப்பாவில் முடிந்தது. 1945 மே மாதம் அயர்லாந்துத் தீவின் பெல்பாஸ்ட் நகரிலிருந்து தாயகம் திரும்பக் கிளம்பியது. குண்டுக்குத் தப்பிய கப்பல் புயலில் மாட்டிக்கொண்டது. மலைபோல் எழுந்த ஓர் அலையில் முட்டி, மேல்தளத்தின் குறுக்கே விரிசல் விட்டது. கப்பல் இரண்டாக முறிய வேண்டியதுதான் பாக்கி. கப்பலில் இருந்த பற்றவைப்பாளர்கள், அந்த ஆட்டத்திலும், இரும்புத் துண்டுகளை விரிசலின் குறுக்கே வைத்துப் பற்றவைத்துக் காப்பாற்றினார்கள். இந்த வகைக் கப்பல்களில் போரில் எதிரி அழித்தவை 26 என்றால், புயலாலும் பாறையாலும் விபத்தாலும் அழிந்தவை 13. கடலும் ஒரு தரப்பாக நின்று போரிட்டிருக்கிறது.

1946 ஜூலை 2 அன்று 325 பணியிலிருந்து விலக்கப்பட்டது. 1951-இல் மறுபடி எழுப்பி, கனடாவின் கிழக்குக் கரையிலும் கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலும் ராடார் நிலையங்கள் கட்டுவதற்குப் பொருள் சுமக்க வைத்தார்கள். பனிக்கட்டி மிதக்கும் கடலில் ஒரு சுமைகூலியின் வேலை. 1961-இல் பதிவேட்டிலிருந்து பெயர்... இல்லை, எண் அடிக்கப்பட்டது. 1964 மே முதல் நாள் கிரேக்க நாட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் என் மனக்குறை ஒன்றை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும். இக்கப்பலைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் சிசிலியையும் நார்மண்டியையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். அமெரிக்கக் கடற்படையில் போர்ப் பணி முழுவதையும் கூட்டினாலும் மூன்று ஆண்டு தேறாது. கிரேக்கர்களிடமோ அது 1999 வரை, 35 ஆண்டுகள், உழைத்திருக்கிறது. எந்திரத்துக்கு எண்ணெயிட்டு, துருவைச் சுரண்டி, வண்ணம் பூசி, அது மூழ்காமல் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த 35 ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான் கிடைக்கிறது. அது மட்டுமல்ல, இந்தக் கப்பலுக்கு வாழ்நாளில் பெயர் என்று ஒன்று வைத்தவர்களும் அவர்கள்தாம். 'சைரோஸ்' என்று தங்கள் தீவுகளில் ஒன்றின் பெயரைச் சூட்டினார்கள். பெற்றவர்கள் எண்ணிட்டார்கள், வளர்த்தவர்கள் பெயரிட்டார்கள்.

கிரேக்கரும் கைவிட்ட பிறகு உடைப்பதுதான் முறை. 1,051-இல் பெரும்பாலானவை அப்படித்தான் இரும்புத் துண்டுகளாயின. உடைப்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பழைய கலத்தை வைத்துக் காப்பது எவ்வளவு தொல்லை என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லையில் தாத்தாவின் கட்டுமரத்துக் கட்டைகள் நான்கு கிடக்கின்றன. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஊருக்கு ஃபைபர் படகுகள் வந்தன. அப்பா அதில்தான் போகிறார். கட்டைகளால் ஒரு பயனும் இல்லை. மழைக்காலத்தில் அவற்றின் அடியில் பாம்பு வந்து தங்குகிறது என்று அம்மா சொல்கிறார். அப்பா இரண்டு முறை விறகுக்கு விலை பேசிவிட்டார். இரண்டு முறையும் ஆள் வந்த அன்று தாத்தா கட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் பேசவில்லை, பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். வந்தவர்கள் போய்விட்டார்கள்.

325-இன் மேலும் கிழவர்கள் சிலர் அப்படித்தான் போய் உட்கார்ந்தார்கள். எல்.எஸ்.டி. கப்பல்களில் இளமையில் பணியாற்றிய அமெரிக்கர்கள் சேர்ந்து ஒரு நினைவுக் கழகம் அமைத்திருந்தார்கள். தங்கள் கப்பல் வகையில் ஒன்றையாவது காக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்து, 2000-ஆம் ஆண்டு கிரீட் தீவின் சூடா விரிகுடாவில் கிடந்த இந்தக் கப்பலைப் பெற்றார்கள். கப்பலை இழுத்து வரவில்லை, ஓட்டி வந்தார்கள். கோடை வெயிலில் துருப்பிடித்த கப்பலுக்குள் தங்கி, தாங்களே எந்திரங்களைப் பிரித்துச் சீர் செய்தார்கள். நவம்பர் 14 அன்று கிளம்பியபோது அவர்களின் சராசரி வயது 72! கேப்டன் ராபர்ட் ஜார்ன்லின் தலைமையில், ஜிப்ரால்டரைக் கடந்து, குளிர்கால அட்லாண்டிக்கைத் தாண்டி, 6,500 மைல் பயணம் செய்து, 2001 ஜனவரி 10 அன்று அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுகத்தை அடைந்தார்கள். வயதானவர்கள் வீட்டில் ஓய்வாக இருக்க வேண்டும் என்று எல்லா நாட்டிலும்தான் சொல்வார்கள். கேட்பவர்கள் வேண்டுமே!

இந்தச் செய்தியைப் படித்துச் சொன்னபோது தாத்தா வயதைக் கேட்டுவிட்டு, "எழுபத்தி ரெண்டா? சின்னப் பசங்க" என்றார். அவருக்கு எழுபத்தெட்டு.

இப்போது கப்பல் நிற்கும் ஊரையும் சொல்ல வேண்டும். இண்டியானா மாநிலத்தின் எவான்ஸ்வில் நகரம் கடலிலிருந்து பல நூறு மைல் உள்ளே, ஒஹையோ ஆற்றங்கரையில் இருக்கிறது. கடற்கரைத் தளங்கள் பெரிய போர்க்கப்பல்களைக் கட்டுவதில் மூழ்கியிருந்ததால், எல்.எஸ்.டி. கப்பல்களில் பெரும்பகுதியை உள்நாட்டு ஆற்றங்கரை ஊர்களில் கட்டினார்கள். எவான்ஸ்வில்லில் 1942-இல் புதிதாகத் தளம் அமைத்தார்கள். கடலையே பார்த்திராத விவசாயக் குடும்பத்து ஆண்களும் பெண்களும் பற்றவைக்கக் கற்றுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். உச்ச காலத்தில் 19,000 பேர். அவர்கள் கட்டிய 167 கப்பல்கள் ஒஹையோ வழியாக மிசிசிப்பியில் இறங்கி, கடலுக்குப் போயின. போனவற்றில் ஒன்றுகூட அந்த ஊருக்குத் திரும்பி நிலைக்கவில்லை. 2005 அக்டோபரில் அங்கே போய் நின்றது, வேறு ஊரில், பிலடெல்பியாவில், பிறந்த 325. அந்த ஊர் அதைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது. 2020-இல் நகரத்தின் நடுவே ஆற்றங்கரையில் அதற்குப் புதிய துறை அமைத்தார்கள். அருங்காட்சியகமாக நின்றாலும் அது கட்டிப்போட்ட கப்பல் அன்று. தொண்டர்கள் ஓட்ட, அவ்வப்போது ஆற்றில் கிளம்பி வேறு ஊர்களுக்கும் போய் வருகிறது.

கருத்தரங்கில் கட்டுரையைப் படித்து முடித்ததும் தோழி ஒருத்தி கேட்டாள்: "நம் நாட்டில் இத்தகைய கப்பல் இருந்ததா?" இருந்தது. 1949-இல் பிரிட்டனிடமிருந்து ஓர் எல்.எஸ்.டி. இந்தியக் கடற்படைக்கு வந்தது. 'மகர்' என்று பெயரிட்டார்கள். அதே பெயரில் பின்னர் இங்கேயே கட்டிய கப்பல் 1987-இல் பணியில் சேர்ந்து, ஆழிப்பேரலையின்போது நிவாரணப் பணி செய்து, கொரோனாக் காலமான 2020 மே மாதத்தில் மாலத்தீவிலிருந்து நம்மவர்களை ஏற்றிவந்து, 2023 மே 6 அன்று ஓய்வு பெற்றது. டாங்கி இறக்கும் கப்பல் என்றுதான் அதற்கும் வகைப் பெயர். அதன் பணிக் குறிப்பைப் படித்தால் அதுவும் மனிதரை ஏற்றி வந்த கணக்காகவே இருக்கிறது.

பேராசிரியை அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்கள். கிரேக்கத்திலிருந்து கொண்டுவந்தபோது முகப்பில் என்ன எழுதினார்கள் என்று. கிரேக்கர்கள் வைத்திருந்த எல்-144 என்ற எண்ணை அழித்தார்கள். தங்கள் கழகத்தின் பெயரையும் எழுதவில்லை. வேறு அழகான பெயர் எதையும் சூட்டவில்லை. இருபது வயதில் தாங்கள் கண்டதைப் போலவே, வெள்ளை வண்ணத்தில், பெரிதாக 325 என்று எழுதினார்கள்.